பட்டாவுக்கு முந்திய பெயர்: தமிழ்நாட்டு உழவர் குடிகளின் முன்னோர் தேடலும் நிலப்பதிவுகளின் வரலாறும்

தமிழ்நாட்டில் ஒரு வேளாண் குடும்பத்தின் வழிமரபைத் தேட முற்படும் எவரும் விரைவிலேயே கண்டுகொள்ளும் செய்தி, உழவரைப் பொறுத்தவரை பிறப்புப் பதிவேட்டைவிட நிலப்பதிவேடு மிக மூத்தது என்பதாகும். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899இல் வந்தது. அதன் பின்னரும் குழந்தையின் பெயருக்கு இடம் காலியாக விடப்பட்டு, ஆணா பெண்ணா என்ற குறிப்போடு தந்தையின் பெயர் மட்டும் எழுதப்பட்ட பதிவுகள் ஏராளம். 1871இல் மாகாணம் முழுவதும் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கும், பத்தாண்டுக்கு ஒருமுறை அதைத் தொடர்ந்தவையும் ஊர்தோறும் தலைகளை எண்ணின. எண்ணப்பட்டோரின் பெயர்களைப் பின்வந்தோர் படிக்கும் வகையில் விட்டுச் செல்லவில்லை. அரச மரபினருக்கும் பாளையக்காரர்களுக்கும் வம்சாவளிகள் எழுதப்பட்டன. கும்பினியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி (1754–1821) தொகுத்த சுவடிகளில் அத்தகையவை பல உள்ளன. ஏர் பிடித்தவருக்கு அப்படி ஒரு நூல் எழுதப்படவில்லை. எந்த நிலத்துக்கு எவர் எவ்வளவு செலுத்தக் கடமைப்பட்டவர் என்று அரசு அறிய விரும்பியபோதுதான், அந்தத் தேவையின் அளவுக்கு மட்டும், அவர் பெயர் எழுத்தில் ஏறியது. ஆகவே உழவர் குடியின் முன்னோரைத் தேடும் வழி, ஆளைப் பின்தொடர்வதைவிட நிலத்தைப் பின்தொடர்வதாகவே அமைகிறது. அந்தப் பதிவுகள் எவ்வாறு வளர்ந்தன, ஒவ்வொரு கட்டத்திலும் எவர் பெயர் அவற்றுள் நுழைந்தது, எவர் பெயர் வெளியே நின்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டில் ஊரும் ஆளும்

முதலாம் இராசராசன் ஏறத்தாழ கி.பி. 1001இல் சோழநாட்டு நிலங்களை அளப்பித்தான். வேலி, மா, காணி, முந்திரி எனச் சிறிதாகிக்கொண்டே செல்லும் அளவுகளில், முந்திரியின் பின்னங்களுக்கும் கீழே இறங்கி அளந்த அந்தப் பணியின் நுட்பத்தைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இன்றும் காணலாம். முதலாம் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளப்பித்தான். வரி தொடர்பான ஏடுகளைப் பேணப் புறவுவரித் திணைக்களம் என்ற துறையே இருந்தது. வரிப்பொத்தகம் என்ற பேரேடும், அதை எழுதும் அலுவலரும் செப்பேடுகளில் குறிக்கப்படுகின்றனர். இத்தனை நுட்பமாக அளந்த அரசு அந்நிலங்களை உழுதவர்களின் பெயர்களையும் எழுதியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நமக்குக் கிடைப்பது வேறு.

பெரிய கோயிலுக்குக் காணிக்கடன் செலுத்த வேண்டிய ஊர்களின் பட்டியலில் ஊரின் மொத்த நிலம் சொல்லப்பட்டு, அதிலிருந்து வரி விதிக்கப்படாத இடங்கள் கழிக்கப்படுகின்றன. அவ்வாறு கழிக்கப்படும் இடங்களாக ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை வருகின்றன. சேரி ஓர் இடமாகக் கல்வெட்டில் இருக்கிறது; சேரியில் வாழ்ந்தவர் இல்லை. அதே கோயிலில் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களோ, எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், எந்த மனையில் குடியிருப்பவர் என்ற விவரத்தோடு ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கோயிலின் பண்டாரத்திலிருந்து எவருக்குக் கொடுக்க வேண்டியிருந்ததோ அவருக்குப் பெயர் தேவைப்பட்டது. ஊர் மொத்தமாக வரி செலுத்திய இடத்தில் தனி உழவரின் பெயர் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு காரணத்தை ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவின் ஆய்வு காட்டுகிறது. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்ட அவர், பிரமதேயமாகிய (பிராமணருக்குக் கொடையளிக்கப்பட்ட ஊராகிய) ஈசானமங்கலத்தில் தனியாள்கள் தம் நிலத்தை விற்றதையும், வேளாளர் ஊராகிய அல்லூரில் ஊரார் கூடி ஊரின் பெயரால் விற்றதையும் கண்டு, பின்னதில் நிலவுடைமை பெரிதும் கூட்டுடைமையாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தார். தனியுடைமை பரவிய பிற்காலச் சோழர் காலத்தில் ஊர்ப்பெயரோடு உடையான், கிழவன் போன்ற சொற்கள் சேர்ந்த பெயர்கள் பெருகுகின்றன. கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர் அடைவு இத்தகைய பெயர்களை ஒரே இடத்தில் தேட உதவுகிறது.

இங்கே ஒரு கண்டிப்பு தேவை. கல்வெட்டில் ஓர் ஊர்ப்பெயரும் அவ்வூர் உடையான் ஒருவனின் பெயரும் கிடைத்தவுடன், அவ்வூரில் இன்று வாழும் குடும்பத்துக்கு அவனை முன்னோனாக்கும் வழக்கம் குலவரலாற்று நூல்கள் பலவற்றில் உள்ளது. இடைப்பட்ட எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளை நிரப்பும் தொடர்ச்சியான பதிவு எந்த உழவர் குடிக்கும் கிடையாது என்பதால், இத்தகைய இணைப்பை வரலாறு ஏற்க இயலாது. கல்வெட்டு தருவது ஊரின் வரலாறு. அதைக் குடும்பத்தின் வரலாறாக மாற்றிக்கொள்வது இரண்டுக்கும் தீங்கு.

காணியும் மிராசும்

பரம்பரையாக நிலத்தில் கொண்டிருந்த உரிமை தமிழில் காணி, காணியாட்சி எனப்பட்டது. முகமதியர் ஆட்சியில் இதற்கு மிராசு என்ற அரபுவழிச் சொல் வழக்குக்கு வந்தது. வாரிசு என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. தொண்டைமண்டலத்திலும் தஞ்சைப் பகுதியிலும் ஊர் நிலம் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, பங்குக்கு உரியவர் மிராசுதாரர் எனப்பட்டார். சில ஊர்களில் எந்த வயல் எவருக்கு என்பது நிலையாக இராமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு என்ற முறையில் மாற்றிப் பகிரப்பட்டது. இத்தகைய ஊரில் ஒருவருடைய பாட்டன் உழுத வயல் எது என்று கேட்பதில் பொருளில்லை. பாட்டனுக்கு எத்தனை பங்கு என்று கேட்பதே பொருத்தம். பங்கில்லாமல் ஊரிலேயே தங்கி உழுதவர் உள்குடி, அயலூரிலிருந்து வந்து உழுதுபோனவர் புறக்குடி எனப்பட்டனர். பண்ணையாள்கள் இவர்கள் எவரிலும் சேராதவர்கள். மிராசு உரிமை பற்றி அரசு எழுப்பிய பதினேழு வினாக்களுக்குச் சென்னை ஆட்சியர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் எழுதி 1818இல் அச்சான விடைகள், இந்த அடுக்குகளைப் பழைய ஆவணச் சான்றுகளோடு விளக்கும் முதன்மையான நூலாகும்.

ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் கிழக்கிந்தியக் கும்பினி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரில், தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களில் கணக்கெடுப்பு நடத்தினார். அதற்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிய கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் பதிப்பிக்கப்பட்டும் உள்ளன. நிலத்தின் வகை, ஏரி, தோப்பு, வீடுகள், குடியிருந்தோரின் சாதியும் தொழிலும், களத்தில் நெல் தூற்றியவுடன் கணக்கருக்கும் தலையாரிக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் அளந்து தரப்பட்ட மேரை ஆகியவற்றை இவ்வளவு விரிவாகச் சொல்லும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சான்று தமிழகத்தில் வேறில்லை எனலாம். தஞ்சை மராட்டியர் காலத்துக்கு (1676–1855) மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் ஆவணங்கள் உண்டு. அவை தமிழில் பெயர்க்கப்பட்ட அளவுக்கே தேடுவோருக்குப் பயன்படுகின்றன.

பைமாஷும் பட்டாவும்

தனி உழவரின் பெயர் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்பட வேண்டிய நிலையை உண்டாக்கியது ரயத்துவாரி முறை. ரயத்து என்றால் குடியானவர். இடைத்தரகர் இன்றி அவரிடமே அரசு வரி வாங்கும் ஏற்பாடு இது. திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் கும்பினிக்கு வந்த பாராமகாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வட்டாரங்களில், அலெக்சாண்டர் ரீடும் அவருடைய துணைவர் தாமஸ் மன்றோவும் இதற்கு வித்திட்டனர். இடையில் 1802இல் வந்த நிலையான ஜமீன்தாரி ஏற்பாடும், ஊரை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் ஏற்பாடும் சோதிக்கப்பட்டன. மன்றோ ஆளுநரான 1820க்குப் பின் ரயத்துவாரியே மாகாணத்தின் பொதுமுறையாக நிலைத்தது.

இதற்காகச் செய்யப்பட்ட முதல் அளவை பைமாஷ் எனப்பட்டது. பாரசீகத்தில் அளத்தல் என்று பொருள்படும் இச்சொல், பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் என்று இன்றும் கண்ணில் படும். 1858இல் தனி நில அளவைத் துறை அமைந்தபின் கருவிகளைக் கொண்டு ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டு, எல்லைக் கல் நடப்பட்டு, புல எண் தரப்பட்டது. அதனைத் தொடர்ந்து மண்ணின் தன்மை, பாசனம் ஆகியவற்றைப் பார்த்துத் தரம் பிரித்துத் தீர்வை விதித்ததே செட்டில்மென்ட். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதைத் திருத்தியது ரீசெட்டில்மென்ட். இவற்றின் பதிவேடுகளில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே நஞ்சையா புஞ்சையா என்பதும், பரப்பும், தரமும், தீர்வையும், பட்டாதாரரின் பெயரும் எழுதப்பட்டன.

ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடும் நடைமுறை இந்த அடுக்குகளைத் தலைகீழாக இறங்குவதே. ஊரின் புல எண்களை நிரல்படுத்தும் இன்றைய அ-பதிவேட்டில் நடப்புப் புல எண்ணோடு பழைய எண்ணும் காணப்படும். 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழகம் முழுவதும் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புலங்கள் உட்பிரிவு செய்யப்பட்டுப் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. பெயர்ப் பிழைகள் மிகுதியாக நுழைந்த இடமும் இதுவே ஆதலால், இங்கே ஒரு பெயர் திடீரென மாறினால் அதை உண்மையான கைமாற்றம் என்று உடனே கொள்ளலாகாது. பழைய எண்ணைக் கொண்டு ரீசெட்டில்மென்ட் பதிவேட்டுக்கும், அங்கிருந்து முதல் செட்டில்மென்ட் பதிவேட்டுக்கும், இயன்றால் பைமாஷுக்கும் இறங்கினால், பல ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செல்ல முடிகிறது. ஆண்டுகள் பசலியில் எழுதப்பட்டிருக்கும். பசலி என்பது ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலையில் தொடங்கியது.

பட்டாவைப் படிப்பதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. பட்டாதாரர் இறந்தவுடன் பெயர் மாற்றும் பழக்கம் ஊர்ப்புறங்களில் இல்லை. பாகம் பிரியாத குடும்பத்தில் மூத்தவர் பெயரிலேயே பட்டா ஓடிக்கொண்டிருக்கும். அவர் மறைந்து ஒரு தலைமுறை கடந்தபின்னும் வரி ரசீது அவர் பெயருக்கே கிழிக்கப்படும். எனவே ஒரு பதிவேட்டில் பெயர் இருப்பது அவ்வாண்டில் அவர் உயிரோடு இருந்தார் என்பதற்குச் சான்றாகாது. ஆயினும் நிர்வாகத்துக்குக் குறையாகிய இதுவே முன்னோர் தேடுவோருக்கு நன்மையாகிறது: வேறெங்கும் எழுதப்படாத பூட்டனின் பெயர் பட்டாவில் மட்டும் எஞ்சியிருப்பது இப்படித்தான்.

பெயரைத் தாண்டி வாழ்க்கையைத் தருவது அடங்கல். கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண்ணாகிய இது, ஒவ்வொரு புலத்திலும் அவ்வாண்டு என்ன பயிர், எந்தப் போகம், ஏரிப் பாய்ச்சலா கிணற்றுப் பாய்ச்சலா, விளைந்ததா சாவியா என்று குறிக்கும் கணக்கு. ஒரே புலத்தின் அடங்கலைப் பல ஆண்டுகளுக்கு அடுக்கிப் பார்த்தால், கம்பும் வரகும் விதைத்த மேட்டு நிலத்தில் எப்போது கிணறு வெட்டப்பட்டது, கடலையும் பருத்தியும் எப்போது வந்தன, எந்த ஆண்டு நிலம் தரிசாகக் கிடந்தது என்பவை தெரியவரும். ஒரு பாட்டன் கடன்பட்டதன் காரணம் அவர் பத்திரத்தில் எழுதப்பட்டிராது. மூன்று பசலிகள் தொடர்ந்து தரிசு என்ற குறிப்பில் அது இருக்கக்கூடும்.

இக்கணக்குகளை எழுதியவர் கர்ணம் எனப்பட்ட ஊர்க் கணக்குப்பிள்ளை. பரம்பரையாக வந்த இப்பதவியும் மணியம் உள்ளிட்ட பிற ஊர்ப் பதவிகளும் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. பரம்பரைப் பதவியை நீக்கியது நியாயமானதே. ஆனால் தலைமுறைகளாகக் கணக்கர் வீடுகளில் இருந்த பழைய ஓலைகளையும் ஏடுகளையும் முறையாகத் திரட்டிக் காப்பகத்தில் சேர்க்கும் முயற்சி அந்த மாற்றத்தோடு சேர்ந்து நடந்திருக்க வேண்டும் என்பது இன்று தேடுவோர் அனைவரும் உணரும் குறை.

ஜமீன் ஊர்களின் நிலை வேறு. இராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன்களில் உழவர் ஜமீனிடம் பட்டா பெற்று, முச்சலிக்கை என்ற உடன்படிக்கைச் சீட்டு எழுதித் தந்தார். அரசின் பேரேட்டில் இருந்தது ஜமீன்தாரின் பெயர். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அந்நிலங்கள் ரயத்துவாரியாக மாறியபோதே அவ்வூர் உழவர்கள் அரசுப் பதிவுக்குள் வந்தனர். ஆகவே காவிரிக் கரையில் எளிதாகும் தேடல் வைகைக்குத் தெற்கே அரிதாகிறது.

இனாம் பதிவேடு

வரி விலக்குப் பெற்ற நிலம் இனாம் அல்லது மானியம் எனப்பட்டது. கோயிலுக்கும் பிராமணருக்கும் மட்டுமல்லாமல், ஊர்ப்பணி செய்த தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார், வெட்டியான், ஏரி மடை திறப்பவர் ஆகியோருக்கும் மானியங்கள் இருந்தன. இவற்றின் உண்மையை ஆராய 1858இல் சென்னையில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. அது ஊர் ஊராக விசாரித்து 1860களில் எழுதிய பதிவேடு, தமிழகத்து எளிய குடிகளின் வழிமரபுக்கு நமக்குள்ள மிகச் சிறந்த ஒற்றைச் சான்று என்பதில் ஐயமில்லை. மானியம் வழங்கியவர் யார், எப்போது, எதற்காக, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பவற்றுக்கெல்லாம் அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நிலவுடைமையை நிறுவ உறவுமுறையையே கேட்ட அரசு ஆவணம் இது. விசாரணையின்போது அறுபது வயதான ஒருவர் தன் பாட்டனின் பெயரைச் சொல்லியிருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த ஓர் ஊர்க் குயவரின் அல்லது நாவிதரின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. நூறு ஏக்கர் வைத்திருந்த மிராசுதாரருக்கு இல்லாத சான்று, அரை ஏக்கர் மானியம் வைத்திருந்த ஊர்ப் பணியாளருக்கு இருப்பது இந்த வரலாற்றின் அரிய நிகழ்வுகளில் ஒன்று. சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் இப்பதிவேடுகளைப் பார்க்கலாம்.

பத்திரங்களும் பெயர்களும்

1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 1865 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்தை விற்கும் பத்திரத்தைப் பதிவது கட்டாயமானது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை ஆகிய பத்திரங்களுள் முன்னோர் தேடலுக்கு மிகவும் பயன்படுவது பாகப்பிரிவினை. சொத்து எவரிடமிருந்து வந்தது, அவருக்கு மக்கள் எத்தனை பேர், எவர் முன்பே இறந்தார் என்பதை அதன் முகப்புப் பகுதியே சொல்லிவிடும். சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும்போது பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள் வரும். அவர்களில் பலர் பங்காளிகளாகவே இருப்பர். கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பிற்பட்டதே ஆகையால், அதற்கு முந்தியவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடலாகவே பெற வேண்டும்.

பதிவுகளில் காணும் பெயர்களை இணைப்பதில் தமிழ் வழக்கம் ஒருங்கே துணையும் தடையும் ஆகிறது. மகனுக்குத் தன் தந்தையின் பெயரை இடுவது மரபு; பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. முத்துசாமி மகன் பழனி, பழனி மகன் முத்துசாமி என்று இரு பெயர்களே நான்கு தலைமுறைக்கு மாறிமாறி வரும்போது, எந்த முத்துசாமி என்று அறிய ஆண்டும் தந்தை பெயரும் புல எண்ணும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் தத்தம் மூத்த மகனுக்கு ஒரே பாட்டனின் பெயரை இட்டிருப்பர் என்பதால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் இருவர் இருப்பதும் இயல்பு. பழைய பத்திரங்களில் கவுண்டர், படையாட்சி, உடையார், நாயக்கர் போன்ற பட்டங்கள் பெயரோடு ஒட்டி நின்றன. சாதிப் பட்டங்களைக் கைவிடக் கோரிய 1929 செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டின் தீர்மானத்துக்குப் பின் அவை மெல்ல மெல்ல நீங்கின. ஆதலால் பட்டத்தின் இருப்பும் இன்மையும்கூட ஓர் ஆவணத்தின் காலத்தை உணர்த்தும்.

ஆவணம் நின்றுபோகும் இடத்தில் குலதெய்வம் வழிகாட்டுகிறது. பஞ்சத்தாலோ பகையாலோ இடம்பெயர்ந்த உழவர் குடி, குடியேறிய ஊரில் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும், முடி இறக்கவும் காது குத்தவும் பழைய ஊரின் தெய்வத்திடமே செல்கிறது. கொங்கு நாட்டில் குலங்களுக்குரிய காணியூர்களும் அங்குள்ள கோயில்களும் இவ்வகையில் தெளிவான தடங்கள். வேறு சான்று இல்லாதபோது, எந்த வட்டத்தின் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்வது அந்தக் கோயிலே.

நிலமற்றோரின் பெயர்

இதுவரை கூறிய பதிவுகள் யாவும் ஏதோ ஒரு துண்டு நிலத்தின் மீது உரிமை கொண்டிருந்தவரைப் பற்றியவை. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பண்ணையாளும் படியாளும் அவற்றில் இல்லை. அவர்களுடைய பெயர் எழுதப்பட்ட பழைய ஆவணங்கள் பெரும்பாலும் அவர்களையே விற்றும் ஒற்றிவைத்தும் எழுதிய அடிமை ஓலைகள் என்பது வேதனைக்குரிய உண்மை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று அறிவித்தது. உடைமைப் பதிவில் இம்மக்கள் ஏறுவதற்கோ அது வழிசெய்யவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பேரில் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படும் அதன் ஒப்படைப்புப் பதிவுகளே, தமிழகத்தில் பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பட்டாதாரர் என்ற நிலையில் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று. அதன்பின் குத்தகைதாரரின் பெயரைப் பதிய 1969இலும், குடியிருந்த மனையை உழைப்பாளிக்கே உரிமையாக்க 1971இலும் சட்டங்கள் வந்தன. இராசராசன் கல்வெட்டில் பெயரின்றி இருந்த சேரியின் மனை, குடியிருந்தவரின் பெயரால் எழுதப்பட ஏறத்தாழ 970 ஆண்டுகள் ஆயின.

ஆனால் இம்மக்களுள் ஊரைவிட்டு வெளியேறியவர்களுக்கு அதற்கு நூறாண்டு முன்பே பதிவு உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். தாது வருடப் பஞ்சம் (1876–78) போன்ற கொடுங்காலங்கள் இவர்களைத் துரத்தின. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. மொரீசியசின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும், 1903 முதல் சென்னை வழியே ஆள் சென்ற பிஜித் தீவின் ஆவணக் காப்பகத்திலும் இத்தகைய பதிவுகள் உள்ளன. பிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் நாடுகளிலுள்ள ஒப்பந்தக் கூலிப் பதிவுகளை 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கூலிகளைப் பெயரிட்டு எழுதியதும் அன்பினால் அன்று. ஒப்பந்தம் முடியுமுன் ஓடிப்போனால் அடையாளம் காண்பதற்காக. எனினும் அதன் விளைவாக, வட ஆர்க்காட்டின் ஒரு சேரியிலிருந்து சென்ற ஓர் உழவுத் தொழிலாளியின் பெயரும் ஊரும் டர்பனில் இருக்க, ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய உடன்பிறந்தாரின் பெயர் ஊரில் எங்கும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இன்று வாழும் ஒருவர் தன் முன்னோரின் ஊரைத் தேடி வரும்போது, ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயரை எந்தத் தமிழ் ஊராகக் கொள்வது என்பதே பெருஞ்சிக்கலாகிறது. பழைய தாலுகா எல்லைகளைக் காட்டும் படத்தையும் இன்றைய வருவாய்க் கிராமப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தே அதை அவிழ்க்க முடியும். நேட்டாலில் கவுண்டர், படையாட்சி, முதலியார் முதலிய பட்டங்கள் உருத்திரிந்து குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டதால், தமிழகத்தில் கைவிடப்பட்ட பட்டம் அங்கே முன்னோரின் அடையாளமாக எஞ்சியுள்ளது.

பதிவில் வராத பெண்

கப்பல் பட்டியலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதில் ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஓர் எண்ணோடும், தன் பெயரோடும், தன் தந்தையின் பெயரோடும் இருக்கிறாள். ஊர்ப் பதிவேடுகளில் இதற்கு இணையில்லை. பட்டா ஆண்வழியே இறங்கியது; பெண் அதில் தோன்றுவது மகன் சிறுவனாக இருக்கும்போது காப்பாளராகவோ, பிள்ளையில்லாக் கைம்பெண்ணாகவோ, பிறந்த வீடு மஞ்சள்காணியாகத் தந்த சிறு நிலத்துக்கு உரியவளாகவோதான். தமிழகத்தில் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு என்ற திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகள்களின் பெயர்கள் பங்குதாரராக நிரல்பட வரத்தொடங்குவது அதற்குப் பின்னரே. கிறித்தவரான உழவர் குடும்பங்களில் மட்டும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் தாயின் பெயரையும் சேர்த்துத் தருகின்றன. தரங்கம்பாடியில் அத்தகைய பதிவு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு.

இதனால் பட்டாவையும் பத்திரத்தையும் மட்டும் கொண்டு வரையப்படும் வழிமரபுப் படம் பாதிக் குடும்பத்தின் படமாகவே நிற்கும். விதை நெல்லைத் தேர்ந்து குதிரில் காத்தவளும், நடவுக்கு ஆள் கூட்டிச் சென்றவளும், மாட்டை வளர்த்தவளும் எந்தப் புல எண்ணுக்கும் எதிரே எழுதப்படவில்லை. பாட்டியின் பெயர், அவள் பிறந்த ஊர், அவளைப் பெற்றவளின் ஊர் என்ற மூன்றும் இன்று எண்பது வயதைக் கடந்த முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்வது காப்பகத்துக்குச் செல்லும் முன் செய்ய வேண்டிய வேலை. பரணில் கிடக்கும் ஓலைக்கட்டையும் செல்லரித்த முத்திரைத்தாளையும் போகித் தீயில் இடாமல், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிப் படியெடுத்து, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறை போன்ற இடங்களில் சேர்ப்பிக்குமாறு உழவர் குடும்பங்களை வேண்டிக்கொள்ள வேண்டியுள்ளது.